ஸ்பூலா, கேசட்டா, பழைய மிக்ஸரா? குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டு ஒலிப்பதிவுக் கூடம்

தக்கலைக்குத் தெற்கே எங்கள் குடும்ப வீட்டில் நெல் போட்டுவைத்த பத்தாயப்புரை ஒன்று பல ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. அதை ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடமாக மாற்ற வேண்டும் என்றும், கணினியை மட்டும் நம்பாமல் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த அனலாக் கருவிகளைத் தேடிப் பிடித்து அதில் வைக்க வேண்டும் என்றும் என் அக்காள் மகன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்கென்று அவன் ஒதுக்கியிருக்கும் தொகை இரண்டு லட்சம் ரூபாய். திருவிழாக்களில் மைக்செட்டுக்கு மிக்ஸர் பார்த்தும், பின்னர் சொந்தமாகச் சிறு பதிவுகள் செய்தும் பழகியவன் நான் என்பதால், எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. நான்கு தட ஸ்பூல் கருவி, அதாவது வட்டச் சுருளில் சுற்றிய காந்த நாடாவில் நான்கு ஒலி வரிசைகளைத் தனித்தனியாகப் பதியும் கருவி ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் டேப்பிலேயே செய்வது முதல் வழி. நான்கு தடக் கேசட் கருவி இரண்டாவது. பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பழைய அனலாக் மிக்ஸரைக் கணினியோடு இணைப்பது மூன்றாவது. மூன்றாவது வழியோடு, இறுதிக் கலவைக்கு மட்டும் இரண்டு தட ஸ்பூல் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நான்காவது. பிளக்-இன் மென்பொருளால் டேப்பின் ஓசையைப் போலச் செய்துகொள்ளும் வழியும் இருக்கிறதுதான். ஆனால் அவனுடைய ஆசையே அதிலிருந்து விலகுவதுதான் என்பதால் அதை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிட்டோம்.

கருவிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த அறைக்கு யார் வந்து பாடப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டோம். இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கருவி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் இப்போது அந்தக் கருவிகள் மேசை விரிப்புக்கு அடியில் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பதிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகை, கோயில் கொடைவிழாக்களில் பாடும் வில்லிசைக் குழுக்கள். வில்லடித்துப் பாடும் அண்ணாவி, உடுக்கை, குடம், தாளம், கட்டை, பின்பாட்டு என்று ஐந்து முதல் ஏழு பேர் வரை ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுகிறவர்கள். இரண்டாவது வகை, ஆலயப் பாடகர் குழுக்களுக்குக் கீர்த்தனையும் புதிய பாடலும் அமைக்கும் இளைஞர்கள். கீபோர்டில் ஒரு தடம், கிதாரில் ஒரு தடம், பிறகு குரல் என்று தனித்தனியாகப் போட்டு அடுக்குகிறவர்கள் இவர்கள். முதல் வகையினருக்குத் தடங்களின் எண்ணிக்கை பெரிய விஷயமில்லை, ஓட்டம் அறுபடாத நேரம் வேண்டும். இரண்டாவது வகையினருக்கு நேரம் பெரிதில்லை, தடங்கள் வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே பழைய கருவி நிறைவு செய்வது அரிது.

“டேப்புல போட்டாத்தான் மாமா அந்தப் பழைய சத்தம் வரும்” என்பது மருமகனின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. காந்த நாடாவில் ஒலியின் உச்சங்கள் எல்லையை நெருங்கும்போது சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல அமுங்குகின்றன. அப்போது மூன்றாவது இணைச்சுரம் கொஞ்சம் கூடி, குரல் தடித்துக் கேட்கிறது. டிஜிட்டலில் எல்லையைத் தாண்டினால் அலை அப்படியே தட்டையாக வெட்டப்பட்டு, காதுக்கு முள்ளாகக் குத்துகிறது. ஆனால், பழைய பதிவுகளில் நாம் ரசிக்கும் ஓசையில் டேப்புக்கு உரியது ஒரு பங்குதான். எல்லோரும் ஒரே அறையில் ஒன்றாக இருந்து பாடியதும், இரண்டு மூன்று மைக்குகளே இருந்ததால் பாடகர் முன்னும் பின்னும் நகர்ந்து தன் அளவைத் தானே சரிசெய்துகொண்டதும் அந்த ஓசைக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. அந்தப் பெரிய பங்குக்குச் செலவு கிடையாது.

முதலில் நான்கு தட ஸ்பூல் கருவியைப் பார்ப்போம். இந்த வகையில் பெயர்பெற்றது, 1970களின் தொடக்கத்தில் வந்த டியாக் ஏ-3340எஸ். கால் அங்குல நாடாவில் நான்கு தடங்கள், விநாடிக்கு 7.5 அங்குலம், 15 அங்குலம் என்று இரண்டு வேகங்கள். பத்தரை அங்குல ஸ்பூலையே போடலாம். முன்பு பதிந்த தடத்தை, நாடாவைத் தொட்டுப் பதியும் முனையான பதிவு ஹெட் வழியாகவே கேட்டுக்கொண்டு அடுத்த தடத்தைப் பதியும் வசதி இருப்பதால், ஒருவரே அடுக்கடுக்காகப் பாட முடியும். 15 அங்குல வேகத்தில் அதன் ஓசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை இருப்பது மின்சாரத்தில். இந்த வகைக் கருவிகள் பலவற்றில் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் மோட்டார், மின்வழங்கலின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார். அமெரிக்காவில் விற்கப்பட்ட கருவி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் 15 அங்குல வேகம் 12.5 ஆகிவிடுகிறது. அதே கருவியில் பதிந்து அதே கருவியில் கேட்டால் சுருதியில் வித்தியாசம் தெரியாது என்பதால், வாங்கியவர் பல மாதங்கள் இதை அறியாமலேயே இருப்பார். வேறொரு சரியான கருவியில் ஐந்து கட்டைச் சுருதியில் பதிவான பாட்டை இதில் போட்டால்தான், அது மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிக் கேட்டு, விஷயம் வெளியே வரும். தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைச் சமன்செய்யும் ஈக்வலைசேஷன் அமைப்பும் அந்த வேகத்துக்குப் பொருந்தாமல் போகிறது. கேப்ஸ்டனின் புல்லியையும் மோட்டாரின் கெப்பாசிட்டரையும் 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றினால் சரியாகும். அந்தப் புல்லியை இன்றைக்கு எங்கே போய்த் தேடுவது என்பதுதான் கேள்வி.

இதே விஷயத்தில் குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடா போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த அகாய், சோனி, டியாக் கருவிகள் இங்கே பல வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. துபாய், குவைத், மஸ்கட் ஆகிய ஊர்களில் வாங்கியவை 50 ஹெர்ட்ஸ் கருவிகள் என்பதால் கவலையில்லை. சவுதி அரேபியாவின் மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸ்; அங்கே வாங்கியதை அந்த ஊர்க் கணக்குக்கே அமைத்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே கருவியை விலை பேசும்போது, வாங்கியவர் எந்த நாட்டில் வேலை பார்த்தார் என்று கேட்பது ஊர்வம்பு ஆகாது.

அடுத்தது நாடா. புதிய கால் அங்குல நாடாவை இன்றும் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள்: பிரான்சின் அவ்ராஞ்ச் நகரில் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸ், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஏடிஆர் மேக்னெட்டிக்ஸ். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் ஒரு ஸ்பூல் பல ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். பத்தரை அங்குல ஸ்பூலில் இருக்கும் 762 மீட்டர் நாடா, 15 அங்குல வேகத்தில் 33 நிமிடங்களில் தீர்ந்துவிடும். வில்லிசையில் காப்புப் பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டுவளம் முடிந்து கதை சூடு பிடிப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகும். ‘அண்ணாவி கொஞ்சம் நிறுத்துங்க, ஸ்பூல் மாத்தணும்’ என்று சொல்லிவிட்டு, மாற்றிய பிறகு அதே வேகத்தில் அவர் திரும்பத் தொடங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. வேகத்தை 7.5 ஆகக் குறைத்தால் 66 நிமிடம் கிடைக்கும். இரைச்சல் கூடும், வில்லில் கட்டிய மணிகளின் மேல்சுரங்கள் மங்கும்.

செலவைக் குறைக்கப் பழைய, பிரிக்காத நாடாவை வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுபதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகள் வரை வந்த சில நாடாக்களில், குறிப்பாக ஆம்பெக்ஸ் 456, 406 வகைகளில், காந்தத் துகளைப் பிலிமோடு பிணைக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. ஓடவிட்டால் ஹெட்டில் பழுப்புப் பசையாக ஒட்டிக் கிறீச்சிட்டு நின்றுவிடும். பெட்டி பிரிக்கப்படவில்லை என்பது இந்த நோய்க்கு எதிரான காப்பு ஆகாது. சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடேற்றினால் சில வாரங்களுக்கு ஓடும்; பழைய பதிவு ஒன்றை மீட்டெடுக்க அது உதவும். புதிய பதிவுக்கு அப்படிப்பட்ட நாடாவை எடுப்பது, உளுத்த உத்திரத்தில் ஊஞ்சல் கட்டுவதற்குச் சமம்.

நாடாக்களை வைத்திருப்பதற்கு 20 டிகிரிக்கு அருகில் வெப்பமும் 40 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் பொருத்தம் என்பது ஆவணக் காப்பகங்களில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற இந்த மாவட்டத்தில், மழை நாட்களில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது புதிதில்லை. இடத்துக்கு இடம் தொல்லையின் தன்மை மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சுவிட்சுகளின் வெள்ளி முனைகளைக் கறுக்க வைத்து, இரும்புச் சட்டத்தில் துருவேற்றுகிறது. மலையடிவாரத்துக் குலசேகரத்தில் உப்பு இல்லை, ஆனால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் படர்கிறது. கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாயில் ஈரம் குறைவு. அங்கே காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று மைக்குக்குள்ளும் புகுந்துவிடுகிறது. தக்கலை இவற்றுக்கு நடுவில் இருப்பதால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

நாகர்கோவில் வானொலி, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984-இல் தொடங்கப்பட்டது. வானொலி நிலையங்களில் ஸ்பூல்கள் ஓடிய அந்தக் காலத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்ளக் குளிரூட்டிய அறைகளும், ஹெட்டைத் துடைத்து, காந்தம் நீக்கி, அளவு சரிபார்க்கும் நாடாவை ஓடவிட்டு ஹெட்டின் கோணம் திருத்துவதற்குச் சம்பளம் வாங்கும் பொறியாளர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு, கருவியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

இரண்டாவது வழியான நான்கு தடக் கேசட் கருவி விலையில் மலிவு, இடமும் அடைக்காது. 1979-இல் டாஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144 இதற்கு முன்னோடி. மிக்ஸரும் பதிவுக் கருவியும் ஒரே பெட்டியில் அடங்கியது. சாதாரணக் கேசட்டின் வேகத்தைப் போல இரு மடங்கு, அதாவது விநாடிக்கு 3.75 அங்குல வேகத்தில், ஒரே திசையில் நான்கு தடங்களையும் பதியும். டிசி மோட்டார் என்பதால் ஹெர்ட்ஸ் சிக்கல் கிடையாது. ஆனால் 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில் நான்கு தடங்களை நெருக்கி வைப்பதால் இரைச்சல் அதிகம். அதை அடக்க 144-இல் டால்பி பி, 1982-இல் வந்த 244-இல் டிபிஎக்ஸ் என்று இரைச்சல் குறைப்பு முறைகளைச் சேர்த்தார்கள். சி-60 கேசட்டில் கிடைக்கும் நேரம் 15 நிமிடம். கருவி எதிர்பார்ப்பது குரோம் வகை எனப்படும் டைப் 2 கேசட். நம் கடைகளில் மிஞ்சியிருக்கும் பக்திப்பாடல் கேசட்டுகள் எல்லாம் சாதாரண வகையான டைப் 1.

இப்படி ஒரு கருவியை நானே வாங்கி அடிபட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம், ‘ஓடும் நிலையில் இருக்கிறது’ என்ற சொல்லை நம்பி, பார்சலில் வரவழைத்தேன். விளக்கு எரிந்தது, மீட்டர் ஊசி ஆடியது, கேசட் மட்டும் நகரவில்லை. மார்த்தாண்டத்தில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கீழ்மூடியைக் கழற்றியதும், பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட்டே இல்லை. ஃபிளைவீலைச் சுற்றிலும் புல்லியின் பள்ளத்திலும் தார் போல ஒரு கறுப்புக் குழம்பு ஒட்டியிருந்தது. என் விரலில் பட்டது சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. அன்று தொட்ட வெள்ளை வேட்டியில் அதன் கறை இன்றும் இருக்கிறது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவர் ஒரு மணி நேரம் துடைத்தார். “பெல்ட்டு வேற வரவழைச்சுப் போடலாம் மக்கா. ஹெட்டு தேஞ்சிருக்கே, அதுக்கு எனக்க கையில மருந்தில்ல. கெப்பாசிட்டர் போச்சுது, ஐசி போச்சுதுன்னு கொண்டு வா, சாயங்காலமே தாறேன்” என்றார். அவர் போகிற போக்கில் சொன்ன இந்தப் பேச்சுதான் எங்கள் முடிவுக்கே அளவுகோல் ஆனது.

பெல்ட் மாற்றிய பிறகு அந்தக் கருவியில் ஒரு வில்லிசைக் குழுவைப் பதிந்து பார்த்தேன். டிபிஎக்ஸ் முறை பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கி, கேட்கும்போது அதே விகிதத்தில் விரிக்கிறது. கீபோர்டு போல இடைவிடாமல் ஒலிக்கும் கருவிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். குடத்துக்குச் செய்யவில்லை. குடத்தின் வாயில் அடி விழுந்ததும் ‘தொம்’ என்ற ஆழ்ந்த ஒலியோடு இரைச்சலும் மேலே வந்து, ஒலி அடங்க அடங்க ‘ஸ்ஸ்’ என்று இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் யாரோ பின்னால் நின்று மூச்சு விடுவது போல இருந்தது. டிபிஎக்ஸை அணைத்தால் மூச்சு நின்றது. மழை பெய்வது போன்ற இரைச்சல் நிலையாக வந்து உட்கார்ந்துகொண்டது. வில்மணிகளோ, ஊசி சிவப்பைத் தொடுவதற்கு முன்பே மேல்சுரங்களில் நாடாவை நிறைத்துவிட்டு, ஒன்றோடு ஒன்று குழம்பி, சில்லறையைக் குலுக்கியது போலக் கேட்டன. கிதாரோடு தனியாகப் பாட்டுக் கட்டுகிறவருக்கு, குறிப்பெடுக்கும் ஏடு போல இந்தக் கருவி இனிமையான துணை. கட்டணம் வாங்கி அடுத்தவர் பாட்டைப் பதியும் கூடத்தில் அதற்கு வேலை இல்லை என்பதே என் முடிவு.

மூன்றாவது வழியில் நாடாவே கிடையாது. எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ வந்த நல்ல அனலாக் மிக்ஸர் ஒன்றை வாங்கி, மைக் முதல் கலவை வரை அதில் செய்துவிட்டு, பதிவை மட்டும், ஒலியை டிஜிட்டலாக்கும் பெட்டியான எட்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்கு அனுப்புவது. மைக்செட்காரர்கள் டிஜிட்டல் மிக்ஸருக்கு மாறிவிட்டதால், பழைய சவுண்ட்கிராஃப்ட், யமஹா, ஆலன் அண்ட் ஹீத் மிக்ஸர்கள் கிடங்குகளில் தூசி படிந்து கிடக்கின்றன. நேரில் போய், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு ஃபேடரையும் ஏற்றி இறக்கிக் கேட்டு வாங்க முடிகிறது. மார்த்தாண்டத்துப் பெரியவரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகிறது. இந்த மிக்ஸர்களில் பழுதாகக்கூடியவை என்று பார்த்தால், வெப்பத்தில் வறண்டுபோகும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள், கரகரக்கும் வால்யூம் கட்டுப்பாடுகள், பிறகு என்இ5532, டிஎல்072 போன்ற ஐசிகள். இவற்றில் எதையும் நாகர்கோவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்க்கோ, மிஞ்சிப்போனால் சில நூறு ரூபாய்க்கோ வாங்கலாம். சால்டரிங் பிடிக்கத் தெரிந்த எவரும் மாற்றலாம். தேய்கிற ஹெட் இல்லை, உருகுகிற பெல்ட் இல்லை.

நேரக் கணக்கிலும் இந்த வழிதான் முன்னால் நிற்கிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் தடங்களை ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறத்தாழ 4.1 ஜிபி இடம் பிடிக்கும். காப்பு முதல் வாழி வரை ஒரு முழுக் கதையையும் நிறுத்தாமல் பதிந்தாலும் ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கில் அது ஒரு மூலை. ஆலயப் பாடல் அடுக்குகிறவர்களுக்குத் தடங்களுக்கும் குறைவில்லை. மிக்ஸரில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி வெளியீடான டைரக்ட் அவுட் இல்லையென்றாலும் கவலைப்பட வேண்டாம். சேனலின் ஒலியை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடுவதற்கான இன்சர்ட் துளையில் சாதாரண மோனோ ஜாக்கை முதல் ‘கிளிக்’ கேட்கும் வரை பாதியளவு மட்டும் செருகினால், அந்தச் சேனலின் ஒலி மிக்ஸரிலும் ஓடிக்கொண்டு இன்டர்ஃபேஸுக்கும் வரும். பழைய ஆட்கள் எல்லோரும் செய்த கைவேலை இது. ஜாக் நழுவாமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மிக்ஸரோடு வாங்க வேண்டிய மைக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அனலாக் என்று தேடுகிறவர்கள் டேப்புக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியைக்கூட மைக்குக்குக் கொடுப்பதில்லை. கண்டன்சர் மைக்கின் கேப்சூல் மிக உயர்ந்த மின்தடையில் வேலை செய்வதால், ஈரம் படிந்ததும் மின்கசிவு ஏற்பட்டுப் பொரிவது போன்ற சத்தம் வருகிறது. ஆனி, ஆடி மழையில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குகள் 1965 முதல் மாறாமல் வருகின்றன. உடுக்கைக்கும் குடத்துக்கும் அவை போதும். குரலுக்கு ஒரு கண்டன்சர் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவைத்துவிடலாம்.

பழைய ரேடியோக்களில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் செட் ஆசையும் நடுவில் ஒருமுறை எட்டிப்பார்த்தது. ஈசிசி83 போன்ற வால்வுகள் இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் தயாராகின்றன என்பதால் உதிரி கிடைக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே 250, 300 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் மூடி கழன்ற பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம் என்று அக்காளே முடித்துவைத்துவிட்டாள்.

நான்காவது வழிக்கு வருகிறேன். மூன்றாவது வழியில் பதிந்து, மிக்ஸரில் கலந்து, அந்த இறுதிக் கலவையை மட்டும் இரண்டு தட ஸ்பூலில் ஓடவிட்டு, அதன் வெளியீட்டைத் திரும்பக் கணினியில் பிடித்துக்கொள்வது. டேப்பின் அமுக்கமும் தடிமனும் முழுதாகக் கிடைக்கும். கதை பாடும்போது ஸ்பூல் மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனென்றால் கலவையைப் பகுதி பகுதியாக ஓட்டலாம். ஒரே ஸ்பூலை அழித்து அழித்துப் பயன்படுத்தலாம் என்பதால் நாடாச் செலவும் ஒன்றிரண்டு ஸ்பூலோடு நிற்கும். கருவி ஒரு நாள் படுத்துவிட்டாலும் கூடத்தில் வேலை நிற்காது, அந்த வாரத்துப் பாட்டு டேப் ஏறாமல் போகும், அவ்வளவுதான்.

இதற்கு எந்தக் கருவி என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. 1977-இல் வந்த ரீவாக்ஸ் பி77-இல் கேப்ஸ்டன் மோட்டாரின் வேகத்தை உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றே நிர்வகிப்பதால் 50, 60 ஹெர்ட்ஸ் என்ற வேறுபாடு அதைப் பாதிப்பதில்லை. வோல்ட்டைப் பின்புறம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். நாடாவை ஓட்டுவதற்குப் பெல்ட் கிடையாது. கிடைத்தால், நாடாவின் அகலத்தை இரண்டு தடங்களே பகிர்ந்துகொள்ளும் அரைத்தட மாடல், 7.5 மற்றும் 15 அங்குல வேகத்தோடு வாங்க வேண்டும். நாடாவை நான்காகப் பிரிக்கும் கால்தட மாடலை விட ஒவ்வொரு தடமும் ஏறத்தாழ இரு மடங்கு அகலம் என்பதால் இரைச்சலில் சுமார் 3 டெசிபல் லாபம். அதில் பார்க்க வேண்டிய குறை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ரிஃபா நிறுவனத்தின் காகிதக் கெப்பாசிட்டர்கள் வயதாகி விரிசல் விட்டு, ஈரத்தை உறிஞ்சி, ஒரு நாள் கடும் நெடியுடன் புகைந்துவிடும். நம் மழைக்கு அவை தாங்காது. வாங்கியதும், பிளக்கில் செருகுவதற்கு முன்பே, அவற்றை மாற்றிவிட வேண்டும். ரீவாக்ஸ் கிடைக்காவிட்டால், வளைகுடாவிலிருந்து வந்த அகாய் ஜிஎக்ஸ் வரிசைக் கருவி ஒன்று உள்ளூரிலேயே அகப்படலாம். அதன் கண்ணாடி-ஃபெரைட் ஹெட்டுகள் எளிதில் தேய்வதில்லை என்பது பெரிய ஆறுதல், கால்தடம் என்பது சிறிய குறை.

இணைக்கும்போது வரும் ஒரு வழக்கமான தவறையும் சொல்ல வேண்டும். வீட்டு வகை ஸ்பூல் கருவிகளின் ஆர்சிஏ இணைப்புத் துளைகள் பெரும்பாலும் மைனஸ் 10 டிபிவி என்ற தாழ்ந்த சிக்னல் அளவில் வேலை செய்கின்றன. தொழில்முறை மிக்ஸரோ பிளஸ் 4 டிபியு என்ற உயர்ந்த அளவில். இரண்டுக்கும் இடையில் சுமார் 12 டெசிபல் வித்தியாசம், வோல்ட்டில் சொன்னால் ஏறத்தாழ நான்கு மடங்கு. இதைக் கவனிக்காமல் நேராகச் செருகிவிட்டு, மிக்ஸரில் ஊசி நடுவில் நிற்கும்போதே டேப்பில் குரல் கிழிகிறது என்று கருவியைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது வாய்த்துவிட்டது. அயனிப் பலகை அடித்த பத்தாயப்புரைச் சுவர், பின்னால் காற்றிடைவெளி இருப்பதால், தாழ்ந்த சுரங்களைத் தானே கொஞ்சம் உள்வாங்கிக்கொள்கிறது. மூலைகளில் நான்கு அங்குலக் கனத்தில் ராக்வூல் எனும் கல்கம்பளியும், சுவரில் ஈத்தாமொழிப் பக்கத்துத் தென்னந்தும்பு மெத்தைகளும் போதும். ஓட்டுக் கூரை மழையில் முழங்கும்; அதற்குப் பரிகாரம் மழை விடும்வரை காத்திருப்பதுதான். மின்சாரத்துக்குத் தனி எர்த் குழியும் சைன் வேவ் இன்வெர்ட்டரும் கட்டாயம். வீட்டில் இருக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பழைய டிரான்ஸ்பார்மர்கள் வண்டுபோல் ரீங்கரிக்கும். ஏசியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் பதிவு நேரத்தில் அணைந்திருக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் ஓட வேண்டும். மாதக் கரண்டு பில்லையும் கூடத்தின் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதவர் பின்னால் வருந்துவார்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது இந்த வரிசைதான்: முதலில் எர்த்தும் அறையும், இரண்டாவது மிக்ஸரும் இன்டர்ஃபேஸும், மூன்றாவது மைக்குகள், இவ்வளவுக்குப் பிறகும் பணம் மிஞ்சினால் ஸ்பூல். அவன் தலைகீழாகத் தொடங்க நினைத்திருந்தான் என்பதால் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், திங்கள்சந்தைப் பக்கம் ஒரு மைக்செட்காரரிடம் பதினாறு சேனல் மிக்ஸர் ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தோம். மூன்று சேனல்கள் ஊமை, இரண்டு கரகரப்பு, மற்றவை சுத்தம். விலையைக் குறைக்க அந்த ஐந்தும் உதவின. இப்போது அது மார்த்தாண்டத்தில் மூடி கழன்ற நிலையில் இருக்கிறது. கெப்பாசிட்டர்களை வரிசை வரிசையாக மாற்றிக்கொண்டிருக்கிறார் பெரியவர். அழகியமண்டபத்தில் ஒரு வீட்டில் அகாய் ஸ்பூல் ஒன்று பேசிவைத்திருக்கிறது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தவர் என்பதை விசாரித்துக்கொண்டோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓயட்டும், தை பிறந்ததும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, முன்பணமாக ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.